நாற்பது இருக்கை

ரியேக்காவில் கப்பல் வரையும் அலுவலகம்.
அறுபத்தோரு பேர், நாற்பது உரிமம்.
விற்றவர்கள் அதை இருக்கை என்கிறார்கள்.
மரமில்லை, காலில்லை;
நாலாம் மாடிச் சர்வரில் ஓர் எண்,
ஒருவர் நுழைந்தால் குறையும்,
வெளியேறினால் கூடும்.
வெளியேறினால்தானே.

வேலை எட்டு மணிக்கு.
ஏழே முக்காலுக்கு வந்தால் இடமுண்டு என்று தெரிந்ததும்
ஏழரைக்கு வந்தார்கள்.
மார்ச்சில், போரா காற்று துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை
ஊளையிட வைக்கிற இருட்டில்,
ஆறு பத்துக்கே வாசலில் ஏழு பேர்,
ஒரே பிளாஸ்கிலிருந்து காபி.
குழாய்ப் பிரிவு த்ரசென் சாப்பிடப் போகும்போது
ஸ்பேஸ் பட்டன்மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டுப் போவான்.
ஐம்பது நிமிடம் அந்த ஸ்டேப்ளர்
ஒரு சரக்குக் கப்பலின் வயிற்றில்
ஒன்றுமில்லாததைத் தட்டிக்கொண்டிருக்கும்.

நெவெங்காவுக்கு எல்லாம் தெரியும்.
உரிமக் கணக்கு அவள் பொறுப்பு.
யார் எப்போது வந்தார், எப்போது போனார்
என்று பதிவேடு சொல்லும்.
விவாகரத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போக மனமில்லாமல்
பெரிஸ்லாவ் இரவு பதினொன்றுவரை
ஒரு கோடும் வரையாமல் உட்கார்ந்திருப்பதையும்
அதே பதிவேடு, கேட்காமலே, சொல்லும்.
அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
தணிக்கை. முப்பது நாள் அவகாசம்.
அன்புடன் என்று முடிந்திருந்தது.

எப்போதோ வாங்கி விழுங்கிய சிறு நிறுவனத்தின் அட்டைப்பெட்டியில்
பளபளக்கும் முத்திரையோடு பன்னிரண்டு சான்றிதழ்.
ஒரு மணிநேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.
பிறகு கைமாற்றுப் படிவத்தைக் கண்டாள்:
கையெழுத்துக்குக் கோடு இருந்தது,
கையெழுத்து இல்லை.
பன்னிரண்டும் ஏட்டுச் சுரைக்காய்.

கிராட்ஸிலிருந்து வந்தவர் ஹெர்விக்.
மரியாதையான மனிதர், தேயிலைப் பையைக்கூடத்
தானே கொண்டுவந்திருந்தார்.
நான்காம் பிரிவைத் திருப்பிக் காட்டினார்:
பயனர் என்பவர்
பயன்படுத்துகிறவர் அல்ல, பயன்படுத்தக் கூடியவர்.

நாம் ஊறுகாய் என்கிறோம்.
ஊறிய காய், ஊறுகிற காய், இனி ஊறப்போகும் காய்,
மூன்று காலமும் ஒரு சொல்லுக்குள்
சத்தமில்லாமல் கிடக்கும்.
இலக்கணம் அதை வினைத்தொகை என்னும்.
ஒப்பந்தம் அதற்குத் தொகை போடும்.

கடவுச்சொல் உள்ளவர் எல்லாம் பயனர் என்றால்,
கேன்டீன் கணினி ஒன்று,
கோடையில் வந்துபோன பயிற்சி மாணவர் பதினொருவர்,
ஓய்வு பெற்று க்ர்க் தீவில் தேனீ வளர்க்கும் ஒருவர்.
அறுபத்தொன்றோடு கூட்டினால் எழுபத்து நான்கு.

இயக்குநர் கசிமீர் ஜன்னலைப் பார்த்தபடி,
பட்டியலைக் கொஞ்சம் சுத்தம் செய்யேன், என்றார்.
செய்யலாம். பதின்மூன்று பெயர், பதின்மூன்று சொடுக்கு.
அன்றிரவு அவள் பட்டியலைத் திறந்தாள்,
தேனீக்காரரின் பெயர்மேல் அம்புக்குறியை வைத்தாள்,
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
தேநீர் ஆறிப்போனது.
மறுநாள் ஹெர்விக்கின் படிவத்தில்
எழுபத்து நான்கு என்று பேனாவால் எழுதினாள்,
எண்ணாலும் எழுத்தாலும்.

கசிமீர் அவளோடு ஜூன்வரை பேசவில்லை.
முப்பத்து நான்கு இருக்கை வாங்கினார்கள்;
புதிய லிப்ட் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

இப்போது எட்டு மணிக்கு வந்தால் போதும்.
வாசல் ஏழு பேரில் மூவர்
இன்னும் ஆறு பத்துக்கே வருகிறார்கள்.
ஏன் என்றால், பழக்கம் என்கிறார்கள்.
பிளாஸ்க் யாருடையது என்பதில்தான் இப்போது தகராறு.
த்ரசென்னின் ஸ்டேப்ளர் காகிதம் தைக்கிறது.

இனி இப்படி நேராதிருக்கப் புதிய விதி:
பதினைந்து நிமிடம் அசையாத இருக்கை
தானாகவே பறிபோகும்.
விதியை எழுதியவள் நெவெங்கா.
விலக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்.
காரணம் கேட்கும் கட்டத்தில்,
அந்த ஆண்டு அவள் எழுதிய ஒரே பொய்:

பெரிஸ்லாவ். இரவு மட்டும்.
நீண்ட கணக்கீடு நடக்கிறது.